உழைக்கும் கைகளும் பேசாத மனமும்

புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோகும்போது சுவரைத் தட்டிப் பார்க்கிறோம், நிலத்தைப் பார்க்கிறோம், பூச்சில் வெடிப்பு உண்டா என்று தேடுகிறோம். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய மேசன் பாஸின் மனம் எப்படி இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? உலகின் பல நாடுகளில் தற்கொலை அதிகமாக நிகழும் தொழில்களில் கட்டட வேலையும் ஒன்று என்பதைப் பலர் அறிவதில்லை. பிரித்தானியாவின் புள்ளிவிபரத் திணைக்களம் 2011 முதல் 2015 வரையான இறப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, கட்டடத் துறையில் கூலி வேலை செய்யும் ஆண்களுக்கு இந்த ஆபத்து அந்நாட்டு ஆண்களின் சராசரியை விட 3.7 மடங்கு அதிகம் என்று கூறியது.

ஏன் இப்படி?

எங்கள் புல்மோட்டையில் கடலும் வயலும் இல்மனைற் மணலும் சோறு போடுகின்றன. இவற்றோடு மேசன் வேலையை நம்பி வாழும் குடும்பங்களும் பல. 2004 சுனாமிக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது மேசன்மாருக்கு ஓய்வு இருக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் தலைகீழாயிற்று. ஒரு மூடை சீமெந்தின் விலை மூவாயிரம் ரூபாயை நெருங்கியது. பாதியில் நின்ற வீடுகள் அப்படியே நின்றன.

கட்டட வேலை நாட்கூலி வேலை. மாரி மழை தொடங்கினால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. முதுகுவலி வந்தாலும் சம்பளத்தோடு லீவு கிடையாது. கொழும்பிலோ கட்டாரிலோ வேலை செய்பவர் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியில்தான் பார்க்கிறார். வெளிநாடு போக வாங்கிய கடன் ஒருபுறம், வீட்டில் வாங்கிய நுண்கடனின் கிழமைத் தவணை மறுபுறம். இவ்வளவும் இருந்தும், 'ஆம்பிளை அழலாமா?' என்ற ஒரு சொல் அவர் வாயை அடைத்துவிடுகிறது.

ஒரு ராத்தா கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் உள்ள ஒரு ராத்தா 2022 கடைசியில் என்னிடம் வந்தார். கணவர் மேசன். சில மாதங்களாக அவருக்கு உறக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பிள்ளைகளோடு பேச்சும் இல்லை. அன்று தன் மேசன் சாமான்களையெல்லாம் கையாளாக நிற்கும் தம்பியிடம் கொடுத்து, "இனி எனக்குத் தேவைப்படாது" என்றாராம். "இதை நான் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே ஊட்டினதாகாதா?" என்று பயந்தார் ராத்தா.

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதே மனநல வைத்தியர்கள் கூறுவது. ஒருவர் தைரியமாகக் கேட்டால் மனதின் பாரம் இறங்கத்தான் செய்கிறது. அன்றிரவு ராத்தா, "உங்களுக்கு உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்டார். அவர் வெகுநேரம் அழுதார். மறுநாள் இருவரும் வைத்தியசாலைக்குப் போனார்கள். மருந்தும் ஆலோசனையும் பல மாதம் தொடர்ந்தன. இன்று அவர் மீண்டும் வேலைக்குப் போகிறார்.

தடுக்க முடியும்

'விதி' என்று சொல்லிக் கைவிடுபவர்களுக்கு நமது நாடே பதில். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக, ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. பத்தே ஆண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாதபோது, அந்தக் கொடிய நேரத்தைக் கடந்து உயிர் தப்புபவர்கள் பலர். வயல் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவுஸ்திரேலியாவில் 2008 முதல் கட்டட வேலைத்தளங்களிலேயே ஒரு திட்டம் நடக்கிறது. எல்லாத் தொழிலாளருக்கும் சிறு விளக்க வகுப்பு நடத்துகிறார்கள். விரும்பி முன்வரும் சிலருக்கு மேலும் பயிற்சி அளிக்கிறார்கள். அவர்களின் தலைக்கவசத்தில் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். மனம் தளர்ந்தவர் அதைப் பார்த்து, கூட வேலை செய்யும் ஆளிடமே பேசலாம். நம் ஊர் பாஸ்மாரும் காலை வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் தம் பையன்மாரின் சுகம் விசாரித்தால் அதற்குச் செலவேது?

நாம் செய்ய வேண்டியவை

திடீர் மௌனம், உறக்கமின்மை, கூடிய குடி அல்லது போதை, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். தனியாக இருத்திக் கேளுங்கள். புத்தி சொல்ல அவசரப்படாமல் செவி கொடுங்கள். 'ஈமான் குறைவு' என்று குத்திக் காட்டாதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது எப்படிக் குறையில்லையோ, இதுவும் அப்படியே. ஆபத்து என்று தோன்றினால் ஒரு நொடியும் தனியே விடாதீர்கள்.

1926 என்ற இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இரவு பகலாகக் கிடைக்கும். 1333 என்ற ஆலோசனைச் சேவையும் உண்டு. அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். நம் ஊர் வைத்தியசாலையில் சொன்னால் திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சகோதரிகளே, வேலை முடிந்து வரும் கணவரிடமும் மகனிடமும் "இன்றைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும் முன், "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்போம். பதில் உடனே வராது. நாளைக்கும் கேட்போம்.