பூட்டியதாக நாம் நினைக்கும் கோப்புகள்

ஆதார் பி.டி.எஃப்பின் பாஸ்வேர்டு ஊரறிந்த ரகசியம். பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதையொட்டிப் பிறந்த வருடம். பெயருக்கு முன்னால் இன்ஷியல் இருந்தால் அதுவும் அதன் புள்ளியும்கூட அந்த நான்குக்குள் வந்துவிடும். கோப்பைத் தரும் ஆதார் ஆணையமே இதைத் தன் இணையதளத்தில் உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறது. ஆகவே, உங்கள் பெயர் தெரிந்தவர் யூகிக்க வேண்டியது வருடத்தை மட்டும்தான். ஒரு நூற்றாண்டு முழுவதையும் போட்டுப் பார்த்தாலும் நூறு தடவை. உங்கள் வயதும் தெரிந்து வருடாவருடம் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறவர்களுக்கு அதுவும் தேவைப்படாது.

பெயரே தெரியாதவர் என்றால்? நான்கு ஆங்கில எழுத்துகளை 4,56,976 விதமாக அடுக்கலாம். நூறு வருடங்களோடு பெருக்கினால் சுமார் 4.57 கோடி. நமக்கு மலைப்பான எண், கணினிக்கு அப்படியல்ல. ஒரு கணினி இத்தனையையும் ஒரு நிமிடத்தில் முயன்று முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் போனால், அர்த்தமே இல்லாமல் அடுக்கிய 12 சின்ன எழுத்துகளின் எல்லா வரிசைகளையும் முயன்று முடிக்க ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் ஆகும். ஒரு சிறப்புக் குறிகூட வேண்டாம். நீளம் ஒன்றே போதும்.

ஆணையத்தின் மேல் குறை இல்லை. தவறுதலாக வேறொருவர் மெயிலுக்குப் போய்விட்ட கோப்பை அவர் சும்மா திறந்து பார்த்துவிடாமல் அந்தப் பாஸ்வேர்டு தடுக்கும். அதற்கு மேல் அதை நம்பி, கோப்பை நாலு குரூப்பில் போடுவதுதான் வம்பு.

பி.டி.எஃப்புக்கு இரண்டு விதமாகப் பாஸ்வேர்டு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, கோப்பைத் திறப்பதற்கு. இதைப் போட்டால் உள்ளே இருக்கும் எழுத்தும் படமும் குழம்பிய எண்களாக மாறிவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் அவற்றை மீட்க வழியில்லை. இன்னொன்று, திறந்தவர் அச்சிடக் கூடாது, காப்பி எடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது என்று சொல்வதற்கு. இந்த இரண்டாவது, பெயருக்குத்தான் பாதுகாப்பு. எதெல்லாம் கூடாது என்பதைக் குறிக்கும் ஓர் எண் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். அதை மதிப்பதும் மதிக்காமல் விடுவதும் திறக்கும் மென்பொருளின் விருப்பம். சுவரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கியூ.பி.டி.எஃப் என்ற இலவச நிரல் ஒரே வரிக் கட்டளையில் அந்தத் தடையை எடுத்துவிடும்.

வேர்டிலும் இதே இரட்டை வேடம் உண்டு. ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ என்று பாஸ்வேர்டு போட்டால், கோப்பைத் திருத்தத்தான் தடை. நம்பாதவர்கள் அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் ‘டாக்ஸ்’ என்பதை அழித்து ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். வேர்டு கோப்பு என்பதே பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டைதான். உள்ளே ‘வேர்டு’ என்ற ஃபோல்டரில் நீங்கள் எழுதியது முழுக்க அப்படியே கிடக்கும். ‘திருத்தாதே’ என்ற உத்தரவு பக்கத்துக் கோப்பில் ஒரே ஒரு வரி.

‘ஃபைல்’ மெனுவில் ‘இன்ஃபோ’வுக்குள் இருக்கும் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ வேறு ஜாதி. அதைப் போட்ட பிறகு இந்த ஜிப் வித்தை பலிக்காது. 2010 பதிப்பிலிருந்து வேர்டு, நாம் கொடுக்கும் பாஸ்வேர்டை நேரடியாகச் சாவியாக்குவதில்லை. அதை ஒரு கணக்கில் போட்டு, வந்த விடையை மறுபடியும் அதே கணக்கில் போட்டு, இப்படி 1 லட்சம் தடவை அரைத்த பிறகே சாவி கிடைக்கிறது. சரியான பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு அது கண்மூடித் திறக்கும் நேரம். யூகித்துக்கொண்டே இருப்பவர் ஒவ்வொரு தப்பான யூகத்துக்கும் அந்த 1 லட்சம் தடவையைக் கட்டி அழ வேண்டும். மறந்துபோனால் நமக்கும் அதே கதிதான். மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கணினித் திருடன் பீரோவைத் திறக்க வரமாட்டான்.

அடுத்தது கறுப்புப் பட்டை. 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு பி.டி.எஃப் தாக்கல் செய்தார்கள். வெளியே தெரியக் கூடாத வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பட்டையை மவுஸால் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வேறொரு பக்கத்தில் பேஸ்ட் செய்தால் போதும். மறைத்த வரிகள் அப்படியே வந்து விழுந்தன. தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவுகளை அவர் ஒருவருக்குத் தந்த விவகாரம் அன்றே செய்தியானது. 2005இல் இராக்கில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி சுட்டுக் கொல்லப்பட்டது பற்றிய அமெரிக்க ராணுவ அறிக்கையிலும் நடந்தது இதுவே. பதினான்கு வருடத்தில் பெரிய இடத்து ஆட்களே பாடம் படிக்கவில்லை.

காரணம் எளிது. பி.டி.எஃப் என்பது வரைவதற்கான கட்டளைகளின் பட்டியல். ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைப் போடு’ என்று ஒரு கட்டளை. பட்டை போட்டால், ‘இந்த இடத்தில் ஒரு கறுப்புச் செவ்வகம் வரை’ என்று இன்னொரு கட்டளை சேரும். முந்தையது அழியாது. கண் பட்டையைப் பார்க்கிறது. கணினி இரண்டையும் வைத்திருக்கிறது.

போனில் எடுத்த படத்தில் எழுத்துக் கட்டளை கிடையாது என்பதால் அங்கே பட்டை ஓரளவு பலிக்கும். ஆனால், ஹைலைட்டர் மாதிரி பாதி ஒளி ஊடுருவும் பேனாவால் பான் எண்ணைத் தேய்த்துத் தேய்த்து மறைத்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது எண் எட்டிப் பார்க்கும். முழுக் கறுப்பு நிறமுள்ள பெட்டியைத்தான் போட வேண்டும். கணினியில் இதற்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது, காசு கிடையாது. 2019இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ரிடாக்ட்’ என்று ஒன்று உண்டு. மறைக்க வேண்டியதைக் கறுப்பாக்கி ஏற்றுமதி செய்தால், பக்கத்தையே படமாக மாற்றித் தந்துவிடும். காப்பி செய்ய அடியில் எழுத்தே இருக்காது.

ஆதாரைப் பொறுத்தவரை அந்தச் சிரமமும் வேண்டாம். பதிவிறக்கும்போதே ‘மாஸ்க்டு ஆதார்’ என்று தேர்ந்தெடுத்தால் 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும் வசதி போகவில்லை. எல்லா கவுன்டரிலும் ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். லாட்ஜில் ரூம் எடுக்கும்போது நீட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஜெராக்ஸ் கடையில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர் கணினியில் திறக்கிறார். கோப்பு ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் போய் உட்காருகிறது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஃபோல்டரை எட்டிப் பார்த்தால் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், கிரயப் பத்திரம் என்று ஊரே அதில் இருக்கும். வீட்டுக்கு வந்து ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அமுக்கினால் உரையாடலிலிருந்துதான் போகும். இறங்கிய பிரதி அங்கேயே இருக்கும். “அண்ணே, அதை ஷிஃப்ட் டெலீட் போட்டுருங்க” என்று நின்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஷிஃப்ட் இல்லாமல் அழித்தால் ரீசைக்கிள் பின்னில் காத்திருக்கும்.

காசு விஷயத்துக்கு வருவோம். பி.டி.எஃப்பை இணைக்க, பிரிக்க, பாஸ்வேர்டு போட என்று இலவச இணையதளங்கள் ஏராளம். வேலை நடக்க வேண்டுமென்றால் கோப்பை முதலில் அவர்கள் கணினிக்கு ஏற்ற வேண்டும். சினிமா டிக்கெட் என்றால் பரவாயில்லை. சம்பளச் சீட்டு என்றால் யோசிக்க வேண்டும். கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லி வைரஸை இறக்கிவிடும் தளங்கள் பற்றி அமெரிக்க எஃப்.பி.ஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. லிப்ரே ஆஃபீஸில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்’ கொடுத்து, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் திறப்புப் பாஸ்வேர்டு போட்டால் இணையமே தேவையில்லை.

போன் செயலிகளின் தந்திரம் வேறு. ‘7 நாள் இலவசம்’ என்பார்கள். எட்டாம் நாள் சந்தா பிடித்துவிடும். செயலியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருப்போம். அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும். வரும், கடன் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியையும் ஒருமுறை திறந்து, எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இலவச நாட்கள் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் நாளே ரத்து செய்தாலும் பெரும்பாலும் ஏழாம் நாள்வரை செயலி ஓடும்.