புத்தருக்குக் கண் திறந்த தென்னாட்டார்

பெங்களூர் நீலசந்திராவில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவர் வங்கியில், ஒருவர் மருந்துக் கடையில், இருவர் கம்ப்யூட்டர் கம்பெனியில். ஐந்தாமவர் கோயில் சிலை வடிக்கும் குடும்பத்தில் பிறந்து, உளியைத் தொடாமல் இன்ஷூரன்ஸ் முகவரானவர். வீட்டுக்குள் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது. தெருவுக்கு வந்தால் நான்கும் கலந்த ஒன்று. ஜப்பான் போவதென்று முடிவானபோது அவர்கள் மனதில் இருந்தது புல்லட் ரயிலும் ஃபியூஜி மலையும்தான். கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் உள்ள நாரா, மான்களுக்காகப் பட்டியலில் சேர்ந்த ஊர்.

மான்கள் ஏமாற்றவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஊருக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன. பிஸ்கட்டை நீட்டினால் தலை குனிந்து கும்பிடுகின்றன. கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கடிக்கின்றன. பழனிக் குரங்குகளின் தூரத்து உறவு என்று சொல்லலாம். அவற்றைக் கடந்து நடந்தால் தோடாய்ஜி கோயிலின் தெற்கு வாசல். இரு பக்கமும் எட்டு மீட்டர் உயரத்தில் மரத் துவாரபாலகர்கள். 1203-ல் செய்யப்பட்டவர்கள். உள்ளே 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர்.

அங்கே அண்ணாந்து நின்றபோதுதான், மருந்துக் கடைக்காரர் கையேட்டிலிருந்து ஒரு வரியை உரக்கப் படித்தார். 752-ல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஐவரில் ஒருவரும் கேள்விப்பட்டிராத பெயர்.

கதை ஒரு கொள்ளைநோயில் தொடங்குகிறது. 735-ல் ஜப்பானில் இறங்கிய பெரியம்மை 737 வரை நாட்டைச் சூறையாடியது. அரசவையில் செல்வாக்காக இருந்த ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் ஒரே ஆண்டில் மாண்டார்கள். நம் ஊராக இருந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருப்பார்கள். பேரரசர் ஷோமு, நாட்டைக் காக்கப் பெரும் புத்தர் சிலை ஒன்றை எழுப்பும்படி 743-ல் ஆணையிட்டார். நாட்டின் செம்பெல்லாம் அதில் கரைந்தது. போதிசேனர் ஜப்பானில் கால் வைத்தது 736-ல், அந்த அம்மைக் காலத்தின் நடுவில். போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயைத் தேடிச் சீனா போனவரை ஜப்பானியத் தூதுக்குழு தங்கள் கப்பலில் அழைத்து வந்தது. சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் சீனத் துறவி ஒருவரும் உடன் வந்தார்கள்.

ஜப்பானில் ஆள் இல்லாமலா வெளியூர்க்காரரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார் உருது வீட்டு நண்பர். நியாயமான கேள்வி. சிலை முடிந்தபோது ஷோமு முடி துறந்திருந்தார், உடலும் தளர்ந்திருந்தது. தன் இடத்தில் நின்று தூரிகை பிடிக்க அவர் தேர்ந்தது புத்தர் பிறந்த நாட்டிலிருந்து வந்தவரை.

இந்த இடத்தில் சிற்பி வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. கண் திறப்பது என்றால் என்னவென்று மற்ற நால்வருக்கும் அவர்தான் விளக்கினார். சிலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகே கண். அதுவரை அது கல், அல்லது உலோகம். திரைக்குப் பின்னால் ஸ்தபதி தங்க ஊசியால் கண்மணியைக் கீறித் திறப்பார். திரை விலகியதும் அந்தக் கண்ணில் முதலில் பட வேண்டியவை பசுவும் கன்றும், தானியக் குவியல், கண்ணாடி. சிறுவயதில் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவுக்காகக் காத்திருந்ததை அவர் மறக்கவில்லை.

நாராவில் நடந்ததில் இன்னொன்றும் உண்டு. போதிசேனர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலப் பட்டு நூலைக் கட்டியிருந்தார்கள். அதன் மறுபகுதியை ஷோமுவும், அவர் மனைவி கோமியோவும், அப்போது அரியணையில் இருந்த மகள் கோக்கெனும், கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண் எழுத, எல்லோரும் எழுதியதாக ஆயிற்று. கும்பாபிஷேகத்தில் யாகசாலையிலிருந்து மூலவர்வரை தர்ப்பைக் கயிறோ நூலோ இழுத்துக் கட்டுகிறோமே, நாடி சந்தானம், அது போல என்றார் சிற்பி வீட்டுக்காரர். அதனாலேயே இங்கிருந்து போன சடங்கு என்று முடிவுகட்டுவது அவசரம். கண் திறக்கும் வழக்கம் பௌத்த உலகம் முழுக்க உண்டு. இலங்கையில் கலைஞர் சிலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கண் எழுதுவார்.

போதிசேனர் எந்த ஊர்க்காரர்? மண்டபத்தைச் சுற்றி வருவதற்குள் தகராறு முற்றிவிட்டது. இணையத்தில் தேடிய தமிழ் நண்பருக்கு மதுரை என்று பதில் கிடைத்தது. அந்தக் காலத்தில் பாதாமிச் சாளுக்கியரும் தெற்குதானே என்றார் கன்னடக்காரர். கிருஷ்ணா நதிக்கரையின் பௌத்தத் தலங்களை நினைவூட்டினார் தெலுங்குக்காரர். ஜப்பானிய ஆவணங்கள் யாருக்கும் உதவுவதாக இல்லை. சீடர் ஒருவர் 770-ல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, தென்னிந்தியப் பிராமணர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஊர் இல்லை. மதுரை பின்னால் ஒட்டிக்கொண்டது. 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களைக் குறித்திருக்கிறார். அவற்றில் வாழ்ந்தவர்களின் பெயர்களைக் கட்டிக் காக்காதவர்கள், ஒருவரை மட்டும் மதுரைக்காரராக்கப் போட்டி போடுவது வேடிக்கைதான்.

ஜப்பானியரும் எப்போதும் பக்தியோடு இருந்துவிடவில்லை. கிகாக்கு என்ற பழைய முகமூடிக் கூத்தில் பிராமணர் என்றொரு பாத்திரம் வருகிறது. குழந்தையின் துணி துவைப்பதுதான் அவர் வேலை, பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. கண் திறந்த நாளிலும் கிகாக்கு ஆடினார்கள்.

இன்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அவர் திறந்த கண்களை அல்ல. 855-ல் தலை கழன்று விழுந்தது. 1180-ல் போரில் கோயில் எரிந்தது, 1567-ல் மறுபடியும். இப்போதுள்ள தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது. 1709-ல் எழுப்பிய மண்டபம் பழையதைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் தூரிகையும் நூலும் பிழைத்துக்கொண்டன. மண்டபத்துக்குப் பின்னால் உள்ள ஷோசோயின் கருவூலத்தைச் சேர்ந்த பொருள்களில் அவை இன்றும் உள்ளன. 1185-ல் புது முகத்துக்குக் கண் எழுதியபோது, முடி துறந்த பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையைத்தான் கையில் எடுத்தார். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கருவூலப் பொருள்களில் சிலவற்றை மட்டும் நாரா அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நண்பர்கள் போனது ஏப்ரலில்.

மறுநாள் கியோட்டோ திரும்பும் திட்டம் கைவிடப்பட்டது. தோமியோ நிலையத்தில் இறங்கி, ரியோசென்ஜி என்ற கோயிலுக்குப் போனார்கள். அந்த மலை ராஜகிருகத்தின் கழுகு மலையைப் போல இருப்பதாகப் போதிசேனர் சொன்னதால் வந்த பெயர் என்பது தல வரலாறு. 760-ல் இறந்த அவருடைய நினைவிடம் அங்கேதான். எல்லாமே ஜப்பானிய எழுத்து. நால்வகை மொழிக்காரர்களும் சமமாக விழித்தார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

சிற்பி வீட்டுக்காரர் அங்கிருந்தே ஊரிலுள்ள அண்ணனுக்குப் போன் செய்தார். அவர்தான் இன்றும் பட்டறையை நடத்துகிறவர். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்ட அண்ணன், அந்தத் தூரிகை எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார். அரை மீட்டருக்கு மேல் என்றார் தம்பி. அவ்வளவு நீளத் தூரிகையைக் கை நடுங்காமல் பிடிப்பது கஷ்டமாயிற்றே என்றார் அண்ணன்.