ஒரு பெண்ணைத் தேடப் போய் ஒரு யுத்தம்!

துப்பறியும் கதைக்கு என்ன வேணும் ஸார்? காணாமல் போன ஒரு பெண், தொப்பி போட்ட ஒரு ஆசாமி, கொஞ்சம் மழை. 'தி எக்ஸ்பான்ஸ்' டி.வி. தொடரில் முதல் இரண்டும் உண்டு. மழைதான் கிடையாது. ஏனென்றால் கதை ஆரம்பிப்பது சீரிஸில். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும், 940 கிலோமீட்டர் குறுக்களவுள்ள குட்டிக் கிரகம். அங்கே மழையாவது, குடிக்கிற தண்ணீரே அளந்துதான்.

துப்பறிகிறவர் பெயர் மில்லர். குடிப்பார், மாமூல் வாங்குவார். ஜூலி மாவ் என்ற கோடீஸ்வரர் பெண்ணைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பு என்று உத்தரவு. அப்பா பணமே வேண்டாம் என்று உதறிவிட்டு ஏழை ஜனங்களோடு சேர்ந்தவள் அவள். அதே சமயம் பனிக்கட்டி ஏற்றிவரும் கப்பல் ஒன்றை யாரோ தகர்க்கிறார்கள். பழி செவ்வாய் மேல். பூமியும் செவ்வாயும் முறைத்துக்கொள்கின்றன.

மில்லர் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் இரண்டு கேஸும் ஒரே இடத்தில் முடிகிறது. சாதாரணக் கொலைகாரன் கைரேகையைத் துடைப்பான். இங்கே குற்றவாளி ஒரு ஊரையே பலி கொடுத்துப் பரிசோதனை நடத்துகிறான். அதை மறைக்க ஒரு யுத்தத்தையே மூட்டிவிடுகிறான். எல்லோரும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிணத்தை யார் எண்ணப் போகிறார்கள்?

நான் பி.காம். எனக்குப் பிடித்தது இதன் கணக்குதான். பூமிக்காரனுக்குக் காற்று இலவசம். விண்கல்லில் பிறந்தவனுக்குக் காற்று ஒரு செலவு ஐட்டம். ஃபில்டர் பழுதானால் அவன் குழந்தைக்கு மூச்சு முட்டும். உழைப்பது அவன், லாபம் ஏறுவது அடுத்தவன் லெட்ஜரில். இந்தப் பாக்கி வருஷா வருஷம் 'கேரி ஃபார்வர்ட்' ஆகிறது. ஐந்தாவது சீசனில் (2020) வசூலுக்கு ஒருத்தன் வருகிறான். மார்க்கோ இனாரோஸ். அவனுக்கு அணுகுண்டெல்லாம் வேண்டாம். விண்கற்களுக்கு ரேடாரில் படாத பூச்சு பூசி, பூமியைப் பார்த்துத் தள்ளிவிடுகிறான். வேகம் இரட்டிப்பானால் தாக்கும் சக்தி நாலு மடங்கு, ஸ்கூல் பிசிக்ஸ்தான். லட்சம் லட்சமாகச் சாகிறார்கள். துப்பறியும் கதை முழு யுத்தமாகிவிட்டது.

பல தொடர்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஒரு பிணம் என்றால் யார், ஏன் என்று துடிக்கிறோம். பத்து லட்சம் என்றால் முறுக்குத் தட்டைத் தேடுகிறோம். எக்ஸ்பான்ஸ் தப்பித்ததற்குக் காரணம், குண்டு விழும்போதும் அது ஒவ்வொரு ஆளாகத் தேடுவதை நிறுத்தவில்லை. நயோமி தேடுவது மார்க்கோவிடம் வளர்ந்த தன் மகனை. புடவை கட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையாகப் பொழியும் அவசரலா பாட்டி (நடித்தவர் ஈரானில் பிறந்த ஷோரே அக்தாஷ்லூ) தாக்குதலில் புருஷனைத் தொலைக்கிறார். பழி வாங்க அவருக்கு இல்லாத காரணமா? ஆனால் எதிரி ஊரின் அப்பாவி ஜனங்கள் மேல் குண்டு போடலாம் என்று மற்றவர்கள் கிளம்பும்போது, கூடாது என்று நிற்பவர் அவர்தான். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

இதை எழுதியது இரண்டு பேர். டேனியல் ஆப்ரஹாம், டை ஃப்ராங்க். ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்று ஒரே புனைபெயர். 2011 முதல் 2021 வரை 9 நாவல்கள். டி.வி.க்கு வந்தது முதல் ஆறு மட்டும்: 2015 முதல் 2022 வரை 6 சீசன், 62 எபிசோட். நடுவே 2018-ல் சைஃபை சேனல் 'போதும்' என்று கைகழுவியது. ரசிகர்கள் சும்மா விடவில்லை. வசூல் பண்ணி, 'காப்பாற்று' என்று பேனர் கட்டிய விமானத்தை அமேசான் ஸ்டுடியோஸைச் சுற்றிப் பறக்கவிட்டார்கள். அமேசான் வாங்கிக்கொண்டது!

மில்லரை மேலதிகாரி கேஸை விடச் சொல்கிறார். வேலையும் போகிறது. சம்பளம் இல்லாமலே தேடுகிறார் மனுஷன். ஓவர்டைம் கிடைக்காமல் உட்காரும் நம்ம ஆபீஸ் ஜாதிக்கு அந்த வலி புரியும்.

ஒரே ஒரு யோசனை. பார்க்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் கீழே ஊற்ற மனசு வராது.