பார்சல் வருகிறது... பெட்டி திரும்பிப் போகுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு கண்டுபிடிப்பது சுலபம். வட்டம் எண், தெரு, குவார்ட்டர்ஸ் எண் மூன்றும் இருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்த டெலிவரி தம்பிகூட யாரையும் கேட்காமல் வாசலுக்கு வந்துவிடுவார். 1956-ல் என்.எல்.சி. உருவான பிறகு, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்காகக் கோடு போட்டுக் கட்டிய ஊர் இது. தோளில் பெரிய பையோடு பைக்கில் வருகிறவர் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்துப் பல கதவுகளைத் தட்டுவார். திரும்பும்போது அவருடைய பை பெரும்பாலும் காலியாகத்தான் போகும்.

அந்தக் காலிப் பையில்தான் விஷயம் இருக்கிறது.

பார்சலைப் பிரித்தபின் வீட்டில் மிஞ்சுவதைப் பாருங்கள். ஒரு ஜோடி கம்மலுக்கு ஷூ பெட்டி அளவு அட்டை, உள்ளே காற்றடைத்த கவர்கள், மேலே கையால் கிழிக்க முடியாத டேப். அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார். அது ஆலைக்குப் போய் மறுபடி அட்டையாகும். ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் காகித நார் குட்டையாகிக்கொண்டே வரும். புது நார் சேர்க்காமல் காலத்துக்கும் ஓடாது. பிளாஸ்டிக் கூரியர் கவரைப் பெரும்பாலும் அவர் தொடமாட்டார். எடை நிற்காது, பசையும் ஸ்டிக்கரும் வேறு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. கடைக்குத் துணிப்பையோடு போகப் பழகிய வீட்டுக்கும் கவர் வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

பார்சலையே திருப்பித் தரக்கூடிய பையில் அனுப்பினால் என்ன? பின்லாந்தின் 'ரீபேக்' நிறுவனம் 2011-ல் அதைத்தான் ஆரம்பித்தது. துணியோ செருப்போ உறுதியான பையில் வரும். பொருளை எடுத்துக்கொண்டு, பையைக் கடிதம் அளவுக்கு மடித்துத் தபால் பெட்டியில் போட்டால் போதும். தபால் செலவு கிடையாது. ஒரு பை 20 முறையாவது பயன்படும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

இந்த 'முறை'யில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உறுதியான பை என்றால் சாதாரண கவரைவிட அதிக பிளாஸ்டிக். இரண்டு பயணத்தோடு அது யார் வீட்டுப் பரணிலாவது தங்கிவிட்டால், மெல்லிய கவரே தேவலை என்றாகிவிடும். 2019-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் 'லூப்' என்ற திட்டம், மளிகைப் பொருட்களைத் திருப்பித் தரும் டப்பாக்களில் அடைத்து வீட்டுக்கே அனுப்பியது. டப்பாவுக்கு முன்பணம் உண்டு. பிறகு அது வீடு வீடாகப் போவதை விட்டு, சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறியது.

நமக்கு இது புதிதா என்ன? கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். கண்ணாடி பாட்டிலில் பால் வந்த காலத்தில் அதைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம். இன்றும் கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும் வீட்டுக்கு வருகின்றன, காலியைக் கொடுத்தால்தான் நிறைந்தது கிடைக்கும். டெபாசிட் கட்டியிருப்பதால் சிலிண்டரை யாரும் குப்பையில் போடுவதில்லை.

பணம் கட்டினால் பொருள் திரும்பி வரும் என்பதற்குப் பெரிய உதாரணம், கொஞ்சம் சங்கடமான இடத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் குத்திய பாட்டில்கள் கடைக்கே திரும்பின. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தபோது முணுமுணுத்தவர்கள் கடை ஊழியர்கள். எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, அடுக்கி வைப்பது யார் வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பார்சலிலும் இதே கேள்வி வரும். டெலிவரி தம்பிகளில் பலருக்குக் கொடுத்த பார்சலின் கணக்கில்தான் கூலி. காலிப் பைக்காக மறுபடி காலிங் பெல் அடித்து நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு யார் காசு தருவார்கள்? அதைச் சொல்லாமல் 'பசுமை' என்று பையில் அச்சடித்தால், பாரம் அவர் தோளுக்குத்தான் போகும்.

இந்தியாவில் 2019-ல் அமேசான் வேறு வழியில் போனது. மிக்ஸி, குக்கர் போலச் சொந்தப் பெட்டியோடு வரும் சில பொருட்களை மேல்பெட்டி இல்லாமலே அனுப்பியது. பல ஆர்டர்களை மறுபடி பயன்படும் கிரேட்டுகளில் அடுக்கியது. குப்பை குறைவு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எதிர்வீட்டுக்கும் தெரிந்துவிடும் சில பொருட்களுக்கு இது சரிப்படாது.

நெய்வேலி போன்ற ஊருக்கு வேறொரு வசதி இருக்கிறது. வீடுகள் நெருக்கம், வட்டங்கள் தனித்தனி. வீட்டுக்கு வீடு ஏறாமல், வட்டத்துக்கு ஒரு கடையில் காலிப் பைகளை வாங்கி டெபாசிட்டைத் திருப்பித் தரலாம். வண்டி திரும்பும்போது மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும். இப்படி ஒரு ஏற்பாட்டைப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரே மாதிரி பையோடு செய்தால்தான் கட்டுப்படியாகும். ஆளுக்கொரு பை என்றால் கடைக்காரர் ஓடிவிடுவார்.

அதுவரை, அட்டைப் பெட்டியை உடைக்காமல் வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. வீட்டிலிருந்து முறுக்கும் பண்ருட்டி முந்திரியும் கூரியரில் அனுப்புகிறவர்களுக்குப் பெட்டியும் பபிள் ஷீட்டும் காசு போட்டு வாங்கும் சரக்கு. கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் சிலவற்றில் போன் நம்பரும் அதில்தான் இருக்கும்.