கணினி ஒலியில் 'டப்' சத்தம் ஏன்?

கணினியின் ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேட்கும் 'டப்', 'பட்' சத்தங்களுக்குக் காரணம் ஒன்றல்ல. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். பாட்டு தொடங்கும் நொடியில் ஒரே ஒரு 'டப்', பாட்டின் நடுவே அங்கங்கே 'படபட', எதுவும் ஒலிக்காதபோதும் ஓயாத 'உம்' என்ற இரைச்சல் ஆகியவை பெரும்பாலும் மூன்று வேறு சிக்கல்கள். இவற்றைப் பிரித்தறியாமல் டிரைவரை அழித்து அழித்து மறுபடி நிறுவுவதில்தான் பலருக்கும் ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது.

முதல் வகை மடிக்கணினிகளில் அதிகம். இன்டெல் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' அமைப்பில், எண்களாக இருக்கும் ஒலியை மின் அலையாக மாற்றுவது 'கோடெக்' என்ற சிறிய சில்லு. சில நொடிகள் வேலை இல்லாவிட்டால், பேட்டரியை மிச்சப்படுத்த இயங்குதளம் அதைத் தூங்கவைத்துவிடும். சில்லு விழித்திருக்கும்போது அதன் வெளியீட்டுச் சுற்றில் ஒரு நிலையான மின்னழுத்தம் நிற்கும். தூங்கும்போது சரியும், விழிக்கும்போது ஏறும். இது மெதுவாக நடந்தால் காதுக்குத் தெரியாது. சட்டென்று நடந்தால் ஸ்பீக்கரின் கூம்பு ஒருமுறை உதறும். மின்னஞ்சல் வந்ததைச் சொல்லும் மணியோசைக்கு முன் ஒரு 'டப்', அது முடிந்து சில நொடி கழித்து இன்னொரு 'டப்' என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எதுவும் பழுதாகவில்லை, சிக்கனம்தான் சற்று மிகையாகிவிட்டது.

லினக்ஸில் இதற்குத் தீர்வு எளிது. இன்டெல் ஒலி டிரைவருக்கு 'பவர் சேவ்' என்றொரு அளவு உண்டு. எத்தனை நொடி அமைதிக்குப் பின் தூங்கலாம் என்பதை அது குறிக்கும். அதைப் பூஜ்யமாக்கினால் சில்லு தூங்காது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிப் பார்த்து, சத்தம் நின்றால் மட்டும் அமைப்புக் கோப்பில் எழுதி நிலையாக்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் பல்ஸ் ஆடியோ, பைப்வயர் போன்ற ஒலிச் சேவையகங்களைப் பார்க்க வேண்டும். அவையும் தம் பங்குக்கு, சும்மா இருக்கும் ஒலிக்கருவியை மூடிவைக்கும். சார்ஜரில் இருக்கையில் வராத சத்தம் பேட்டரியில் மட்டும் வந்தால், டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவி அந்த 'பவர் சேவ்' அளவை மாற்றுகிறதா என்று பார்ப்பது நல்லது. விண்டோஸில் இதற்கென வெளிப்படையான பொத்தான் கிடையாது. தூங்கும் நேரம் ரெஜிஸ்ட்ரியில் டிரைவரின் பகுதிக்குள் இருக்கும். அந்த இடமும் கணினிக்குக் கணினி மாறும்.

பாட்டின் நடுவே வரும் படபடப்பு நேரம் தவறுவதால் வருவது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒலி வெளியேறுகிறது. வெளியேறும் முன் ஒலி காத்திருக்கும் பஃபரில் 256 மாதிரிகள் என்றால் 5.3 மில்லி நொடிக்குள் அடுத்த தொகுதி தயாராக வேண்டும். பரிமாறுபவர் வருவதற்குள் பந்தியில் இலை காலியாவதுபோல, தொகுதி தாமதமானால் அலையில் ஓர் இடைவெளி விழும். அதன் விளிம்புதான் 'பட்' என்று கேட்கிறது. செயலி பத்து சதவீதம்கூட வேலை செய்யாத கணினியிலும் இது நடக்கும். காரணம் சராசரிச் சுமை அல்ல, ஏதோ ஒரு டிரைவர் ஒரு கணம் செயலியைப் பிடித்துவைத்துக்கொள்வது. வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்கள்மேல் முதலில் சந்தேகப்படலாம். விண்டோஸில் 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருள் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். வைஃபையை அணைத்ததும் சத்தம் நின்றால், புதுப்பிக்க வேண்டியது வைஃபை டிரைவரை. ஒலி டிரைவரை அல்ல. பஃபரை 1024 மாதிரிகளாக்கினால் 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடியே பாடிப் பதிவுசெய்பவருக்குத் தெரியும்.

உரத்த இடங்களில் மட்டும் கரகரத்தால் ஒலியளவு நூறு சதவீதத்தைத் தாண்டியிருக்கும், குறைத்தால் போதும்.

ஓயாத இரைச்சலில் மென்பொருளுக்குப் பெரும்பாலும் பங்கில்லை. சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் எர்த் சிக்கல். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி பிளக்கில் இருந்தால், இரண்டு எர்த் பாதைகளுக்கு இடையே மின்னோட்டம் சுற்றி, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைக் கிளப்பும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவே ஐசலேட்டர் போடலாம். சிலர் செய்வதுபோல எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து. மவுஸை நகர்த்தும்போது கிர்ரென்றால், கேபினட்டின் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்க ஜாக்கில் செருகினால் பெரும்பாலும் தீரும்.

கணினியை ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தத்தை எந்த அமைப்பாலும் பொதுவாக நிறுத்த முடியாது. இயங்குதளம் ஏறும் முன்பே சில்லுக்கு மின்சாரம் வந்துவிடுகிறது. தனி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதைக் கடைசியில் போட்டு, அணைக்கும்போது முதலில் அணைப்பதே வழி.