பள்ளிக்கூடமும் பிரிவினைச் சுவரும்: ஒரு சட்ட வரலாறு

அலங்காநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஊழியம் செய்யும் போதகர்கள், ஊர் வேறு, சேரி வேறு எனப் பிரிந்து கிடக்கும் குடியிருப்பு அமைப்பை நன்கறிவர். பெரியாற்றுப் பாசனம் வயல்களுக்கெல்லாம் பொதுவாகப் பாய்கிறது. ஆயின் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் அமைந்தது என்பதைப் பொறுத்தே, அதில் யார் படிக்கலாம் என்பது ஒரு காலத்தில் முடிவாயிற்று. இப்பிரிவினையைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிவது, கல்விப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் திருச்சபைக்கு இன்றியமையாததாகும்.

1. கொள்கையும் வழக்கமும்

1856இல் தார்வாரில் மகர் குலச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். மற்ற மாணவர் விலகிவிடுவர் என்று அஞ்சிய பம்பாய் அரசு அவனுக்கு இடம் மறுத்தது. 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை, அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை எனத் தெளிவுபடுத்திற்று. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு இக்கொள்கையை உறுதிசெய்தது. எனினும் அதனை வற்புறுத்தத் தயங்கி, தேவையான இடங்களில் தனிப்பள்ளிகள் அமைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

சென்னை மாகாணத்தில் இவ்விரண்டாம் வழியே வலுப்பெற்றது. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையையும் மிஷனெரிமாரின் விண்ணப்பத்தையும் அடுத்து, 1893 பிப்ரவரி 1ஆம் நாள் வெளிவந்த அரசாணை, பஞ்சமர் எனப்பட்டோருக்குச் சிறப்புப் பள்ளிகளையும் ஆசிரியர் பயிற்சியையும் உதவித்தொகைகளையும் வழங்கியது. இதனால் எழுத்தறிவு பரவியது. ஆனால் பொதுப் பள்ளியின் கதவு பல ஊர்களில் மூடியே கிடந்தது. தனிப்பள்ளி வாய்ப்பாகவும் இருந்தது, வேலியாகவும் இருந்தது.

2. இரு நாடுகளின் ஒப்புமை

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் வசதிகள் சமமாயிருப்பின் அவை தனித்தனியே இருக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. 1954 மே 17ஆம் நாள், பிரவுன் வழக்கில், தலைமை நீதிபதி ஏர்ல் வாரனும் உடனமர்ந்த நீதிபதிகளும் ஒருமனதாக அக்கோட்பாட்டைப் பொதுப் பள்ளிகளிலிருந்து நீக்கினர். கல்வியில் பிரித்துவைத்தலே சமமின்மை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஈண்டு ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. அங்குப் பிரிவினையைச் சட்டமே விதித்தது. எனவே சட்டத்தை நீதிமன்றம் வீழ்த்த வேண்டியதாயிற்று. இங்குச் சட்டம் கதவைத் திறந்தது; வழக்கம் அதனை மூடியது. எனவே நம் சட்டத்தின் போராட்டம் ஊரோடு நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திலும் இதுவே நேர்ந்தது. அங்கு 1929, 1930ஆம் ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்க முற்பட்டபோது, எதிர்ப்பாளர் சில பள்ளிகளைத் தீயிட்டனர்.

1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், கேரளத்துப் பள்ளி ஒன்றில் தாம் அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என அறிமுகம் செய்யப்பட்டதையும், முதலில் துணுக்குற்றுப் பின்னர் அது மெய்யே என உணர்ந்ததையும் பிற்காலத்துப் பிரசங்கமொன்றில் நினைவுகூர்ந்தார்.

3. அரசியல் சட்டத்தின் கட்டளை

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசு நடத்தும் பள்ளியிலும் அரசின் பொருளுதவி பெறும் பள்ளியிலும், சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு இடம் மறுத்தலைத் தடுத்தது. திருச்சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளையும் இது கட்டுப்படுத்தும் என்பதை நாம் மறத்தலாகாது.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பள்ளியில் சேர்க்க மறுத்தலை மட்டுமன்றி, சேர்த்த பின் வேற்றுமை பாராட்டுதலையும் அது குற்றமாக்கியது. வாயிலைக் கடந்து வகுப்பறைக்குள்ளும் சட்டம் நுழைந்தது எனலாம். 1976இல் இது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

4. எஞ்சியிருக்கும் வினா

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழலில் தோன்றிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், மாநிலமெங்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் தனித் துறைகளின்கீழ் நடந்து வந்துள்ளன. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் முடிவைத் தமிழக அரசு 2023இல் அறிவித்தபோது எதிர்ப்பும் எழுந்தது. தனிச்சலுகைகள் மறையும் என்ற அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அதே ஆண்டில், நாங்குநேரியில் மாணவன் ஒருவன் உடன்படித்தோரால் வெட்டப்பட்டான். அதனையடுத்து அமைக்கப்பெற்ற நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்கவும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் 2024இல் பரிந்துரைத்தது. சட்டம் ஒரே வகுப்பில் அமரச் செய்தது. அமர்ந்தவர் கையில் கயிறு இன்னும் இருக்கிறது.

திருச்சபை இதில் வெறும் பார்வையாளராய் இருத்தல் இயலாது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபையில் சாதி வேற்றுமையை அறவே விட வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் அவ்வுறுதியில் நின்றபோது, பசுமலையிலிருந்து மாணவர் பலர் வெளியேறினர். ஆயினும் கல்லறைத் தோட்டத்திலும் திருமண உறவிலும் நம்மிடையே சுவர் முற்றும் இடிந்துவிடவில்லை. எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம், நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும், மதிய உணவு வரிசையையும், விடுதி அறைகளையும் அவ்வதிகாரத்தின் ஒளியில் வாசித்துப் பார்த்தல் வேண்டும். சட்டம் சுவரை இடிக்க அதிகாரம் தந்துள்ளது. இடிக்கும் கைகள் நம்முடையவையாய் இருத்தல் வேண்டும்.