ஸ்டியரிங் முனகுகிறதா? உடனே கவனியுங்கள்!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. மலை மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு.

பலாப்பழம், வாழைத்தார், மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்கி வருகின்றன. ஒரு டன்னுக்கு மேல் சுமை இருக்கும். ஆனாலும் டிரைவர் அலுங்காமல் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். வண்டி சொன்னபடி திரும்புகிறது.

அவர் பெரிய பயில்வானா? இல்லை. வண்டிக்குள் இருக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் அவருக்குக் கை கொடுக்கிறது!

அதுதான் பவர் ஸ்டியரிங். அந்த ஆயில் தீர்ந்து போனால், அடுத்த வளைவில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும்.

ஆனால் அது திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் பல நாட்களுக்கு முன்பே வண்டி எச்சரிக்கை கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொண்டால் செலவு மிச்சம். சில சமயம் உயிரும் மிச்சம்!

எப்படி வேலை செய்கிறது?

கனமான மூட்டையைத் தூக்குகிறீர்கள். பின்னால் ஒருவர் வந்து கை கொடுக்கிறார். சுமை இலேசாகி விடுகிறது அல்லவா? பவர் ஸ்டியரிங் செய்வதும் அதுதான்.

என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் சுற்றுகிறது. அந்த பெல்ட் ஒரு சிறிய பம்பைச் சுற்றுகிறது. பம்ப், ஆயிலை அழுத்தி ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது.

ஸ்டியரிங் தண்டின் அடியில் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது கொஞ்சம் முறுகும். முறுகியதும் ஆயிலுக்கு வழி திறக்கும். ஆயில் பாய்ந்து, நாம் திருப்பும் பக்கமே சக்கரத்தைத் தள்ளும். வேலை முடிந்த ஆயில் வேறொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் நாம் அடிக்கும் காற்று, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் இருக்கும். சக்கரத்தை முழுவதும் ஒடிக்கும்போது, இந்த ஆயிலின் அழுத்தம் 1,000 பவுண்டையும் தாண்டும்!

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவது ஒரு ரப்பர் ஹோஸ். பழைய வண்டியில் அதுவும் பழசாகிவிடும். வெப்பத்தில் வெந்து, வெடித்து, கசியத் தொடங்கும்.

25 ஆண்டு காத்திருந்தவர்

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற என்ஜினீயர்.

அவர் "பியர்ஸ் ஆரோ" என்ற கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு, வால்தம் என்ற ஊரில் சிறிய பட்டறை வைத்து ஆராய்ச்சி செய்தார்.

அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது, ஆயில் ஒழுக்கு! ஆயிலை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருந்தால் ஒழுகத்தான் செய்யும். அதனால் ஆயில் சும்மா ஓடிக்கொண்டே இருக்கட்டும், திருப்பும்போது மட்டும் அழுத்தம் ஏறட்டும் என்று வழி கண்டார்.

1926-ம் ஆண்டில் தன் காரில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆனால் செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தயங்கின. 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 1951-ல்தான் "கிரைஸ்லர் இம்பீரியல்" காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது.

இப்போது வரும் பல புதிய கார்களில், ஆயிலுக்குப் பதில் மின்சார மோட்டார் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பழைய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் ஆயில்தான். டேவிசுக்குத் தலைவலி கொடுத்த அதே ஒழுக்கு, இன்றைக்கும் வண்டிக்காரர்களுக்குத் தலைவலி!

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, சத்தம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது "ம்ம்ம்" என்று முனகல் கேட்டால், ஆயில் குறைந்திருக்கிறது. பம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். "கிரீச்" என்று கத்தினால், பெல்ட் தொய்ந்திருக்கலாம்.

இரண்டாவது, சொட்டு. வண்டி நின்ற இடத்தில், முன்பக்கம் தரையில் எண்ணெய்ப் பொட்டு தெரியும். ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும் இருக்கும்.

மூன்றாவது, கனம். நேற்று இலேசாகத் திரும்பிய ஸ்டியரிங் இன்று கனக்கும். அல்லது ஒரு இடத்தில் இலேசாகவும் ஒரு இடத்தில் பிடித்தும் திரும்பும்.

கனம் என்றதும் பம்பைக் கழற்ற ஓட வேண்டாம். முதலில் முன் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும்!

ஸ்டியரிங் ஆடினால், அதாவது கொஞ்ச தூரம் திருப்பியும் சக்கரம் அசையாமல் இருந்தால், அது ஆயில் கோளாறு அல்ல. பெரும்பாலும் ராடு முனைகளின் தேய்மானமாக இருக்கும். அதை மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும்.

வாரம் 5 நிமிடம்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டு பானட்டைத் திறங்கள். பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துணியால் துடையுங்கள். ஒரு மணல் பொடி உள்ளே விழுந்தாலும் பம்புக்குக் கேடு.

டப்பாவிலோ, மூடியோடு சேர்ந்த குச்சியிலோ அளவுக் கோடுகள் இருக்கும். சில வண்டிகளில் ஆயில் சூடாக இருந்தால் ஒரு கோடு, ஆறியிருந்தால் ஒரு கோடு. ஆயில் சரியான கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். சில ஆயில் சிவப்பாக இருக்கும். சில தேன் நிறமாக இருக்கும். அது கறுத்துப் போயிருந்தால், தீய்ந்த வாடை அடித்தால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

"குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருந்தால் போகிறது, அண்ணே" என்பார்கள் சிலர். அது தவறு. இது எரிந்து தீரும் ஆயில் அல்ல. குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது! ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வைத்தியம்.

ஒழுக்கைத் தேடும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஹோசைக் கையால் தடவக்கூடாது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையை அருகில் பிடித்துப் பாருங்கள். ஆயில் அட்டையில் படும்.

எந்த ஆயில்?

வண்டியோடு வந்த புத்தகத்திலும், பல வண்டிகளில் மூடியிலும் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். அதையே ஊற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலை மட்டும் ஒருநாளும் ஊற்றாதீர்கள். அது பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஒரு ஒழுக்கு பத்து ஒழுக்காகும்!

பழைய ஆயிலை மாற்ற, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுப்பார்கள். திரும்பி வரும் ஹோசைக் கழற்றிப் பழைய ஆயிலை ஒரு பாத்திரத்தில் பிடிப்பார்கள். ஹோசை மாட்டி, புது ஆயில் ஊற்றி, முதலில் என்ஜினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை மெதுவாகத் திருப்புவார்கள். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். அதன் பிறகுதான் என்ஜினை ஓட்டுவார்கள்.

காற்றை எடுக்காமல் அவசரப்பட்டு ஓட்டினால், புது ஆயில் ஊற்றியும் பம்ப் முனகும். பழைய ஆயிலைச் சாக்கடையிலும் தரையிலும் கொட்டக்கூடாது. கிணற்றுத் தண்ணீருக்குக் கேடு.

செய்யக்கூடாதவை

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சில விநாடிகளுக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதிக்கச் சூடேறும். பம்ப் சீக்கிரம் தேயும். கோடி வரை போனதும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்புவதையும் குறையுங்கள். வண்டி மெல்ல நகரும்போது திருப்பினால் எல்லாவற்றுக்கும் நல்லது.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இதைவிட ஆபத்து வேறு இல்லை! என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். மிச்சமாகும் டீசலைவிட உயிர் பெரிதல்லவா?

வழியில் போய்விட்டால்?

ஓடும்போது பெல்ட் அறுந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ என்ன செய்வது?

முதலில், பயப்படக்கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு விடாது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. உதவி போயிருக்கிறது, அவ்வளவுதான். பலமாகத் திருப்பினால் வண்டி திரும்பும்.

இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சாவியைத் தொடாதீர்கள். மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு என்ஜினை அணையுங்கள்.

ஆயில் இல்லாமலே வீடு வரை ஓட்டி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் இல்லாத பம்ப் உலர்ந்து அரைபட்டுப் போகும். ஹோசோடு முடிய வேண்டிய செலவு பம்ப் வரைக்கும் போகும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் என்ஜினும் வெந்துவிடும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பிக்கப் வண்டி ஓடினால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆகவே, வண்டியைக் கவனிப்பது டிரைவரின் வேலை மட்டும் அல்ல.

இரவு லோடு இறக்கிவிட்டு வந்து அவர் அயர்ந்து தூங்கியிருப்பார். காலையில் வாசல் தெளிக்க வரும்போது, வண்டியின் முன்பக்கம் தரையைப் பாருங்கள். அங்கே புதிதாக ஓர் எண்ணெய்ப் பொட்டு இருந்தால், அவர் சாவியை எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.